முறைகேடு வேறு, கையாடல் வேறு: பதவி இழந்த பட்டாளத்துச் சித்தப்பாவைப் பற்றிய கேள்விக்கு

24 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற உங்கள் சித்தப்பா, 2021 அக்டோபரில் நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊராட்சிக்குத் தலைவராக ஜெயித்தார். இரண்டு வருடம் முடியும் முன்பே ஊழல் புகாரில் பதவி போயிற்று. சர்வீஸில் தண்டனையைக் குறிக்கும் சிவப்பு மை என்ட்ரி ஒன்றுகூட வாங்காத மனுஷன் எப்படி இப்படி ஆனார், பட்டாளத்து ஒழுங்கு ஊர் அரசியலில் ஏன் கைகொடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் மட்டும், "உண்மையிலேயே எடுத்தாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவன். சர்வீஸ் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலேயே கழிந்தது. அதில் ஏழு வருடம் தணிக்கை சீட்டில் இருந்தேன். ஊராட்சிகளின் ரொக்கப் புத்தகத்தையும் வவுச்சர்களையும் வரிவரியாகப் பார்ப்பதுதான் அந்த சீட்டின் வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டத்தை அலுவலக மேசையிலிருந்து படித்தவன். உங்கள் சித்தப்பாவின் ஃபைலை நான் பார்த்ததும் இல்லை. ஆகையால் எடுத்தார் என்றோ எடுக்கவில்லை என்றோ நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த ஃபைலில் என்ன இருந்தால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்ல முடியும். அதை நீங்களே கேட்டு வாங்கிப் பார்க்கவும் வழி இருக்கிறது.

முதலில் "ஊழல்" என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். தணிக்கையில் அந்தச் சொல்லே கிடையாது. எங்களிடம் புழங்குவது தணிக்கைத் தடை, முறைகேடு, கையாடல். தீர்மானம் போடாமல் ஒரு வேலைக்குப் பணம் கொடுத்திருந்தாலோ, வவுச்சரில் பணம் பெற்றவர் கையெழுத்து இல்லாவிட்டாலோ, வாங்கிய பல்பு இருப்புப் பதிவேட்டில் ஏறாவிட்டாலோ தடை எழுதுவோம். ஆதாரத்தோடு பதில் வந்தால் தடை நீங்கிவிடும். தடையே இல்லாத ஊராட்சி ஒன்றை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. முறைகேடு அதற்கு ஒரு படி மேலே. ஊராட்சிக்கு முக்கியமாக மூன்று வங்கிக் கணக்குகள் உண்டு. முதல் கணக்கில் வீட்டுவரி உள்ளிட்ட பொதுநிதி இருக்கும். இரண்டாவது மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணம். மூன்றாவது திட்டப்பணிகளுக்கானது. கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோய், முதல் கணக்கில் காசில்லாமல், இரண்டாவது கணக்கில் கிடந்ததை எடுத்து மோட்டாரைச் சரிசெய்தால் ஊருக்குத் தண்ணீர் வந்தது உண்மை. ஒரு பைசாகூட யார் சட்டைப்பைக்கும் போகவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அது முறைகேடுதான். பணம் வெளியே போய், அதற்கு ஈடாக வேலையோ பொருளோ வராமல் இருந்தால்தான் கையாடல். "நிதி முறைகேடு, ஊராட்சித் தலைவர் பதவி நீக்கம்" என்று பத்திரிகையில் வரும். டீக்கடையில் அதை வாசிப்பவர் காதில் "தின்னுட்டான்" என்றுதான் விழும். ஒரு குடும்பத்தின் மானம் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலைவரின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஆக, தலைவர் ஊர் ஓட்டில் வந்தவர். துணைத் தலைவர் மெம்பர்கள் கணக்கில் வந்தவர். பல ஊர்களில் தலைவர் தேர்தலில் தோற்ற அணியின் ஆள்தான் துணைத் தலைவராக உட்காருவார். ஆனால் சட்டத்தின் 188-ஆம் பிரிவுப்படி காசோலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் இன்னொருவர் தடுக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஒருவர் நல்லது செய்ய நினைத்தாலும் இன்னொருவர் தடுக்கலாம் என்பதையும் ஊர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. இப்போது பட்டுவாடா பெரும்பாலும் இணையவழிக்குப் போய்விட்டது. காசோலை இருந்த இடத்தில் மின்னணுக் கையெழுத்துக்கான டோங்கிளும், போனுக்கு வரும் ஓடிபி எண்ணும் வந்திருக்கின்றன. யார் கையில் அது இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். மானாவாரி ஊர், மழை பெய்தால் உளுந்து போடுவார்கள். அங்கே தலைவர் காலாட்படையில் 17 வருடம் இருந்து நாயக்காக வந்தவர், 2011 தேர்தலில் ஜெயித்தவர். தணிக்கைக்குப் போனபோது பதிவேடுகள் ஊராட்சி அலுவலக பீரோவில் இல்லை. வீட்டிலிருந்து ஒரு கறுப்பு ட்ரங்குப் பெட்டியை மகன் தலையில் வைத்துத் தூக்கிவந்தான். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய நம்பர், ரேங்க், பேர். உள்ளே பதிவேடுகள் ஒவ்வொன்றும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முனை மடங்காமல் அடுக்கியிருந்தன. அவ்வளவு சுத்தமான பதிவேடுகளை நான் எந்த ஊராட்சியிலும் பார்த்ததில்லை. சந்தோஷத்தோடுதான் உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குள் என் கை நின்றுவிட்டது. தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் காயில் கட்டியது என்று ஒரு கடையின் பில்கள். தேதியைப் பார்த்தால் ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று மாதக்கணக்கில் இடைவெளி. பில் நம்பரைப் பார்த்தால் 211, 212, 213. ஏழு மாதத்தில் அந்தக் கடைக்கு இந்த ஊராட்சியைத் தவிர வேறு ஒரு ஆள்கூட வரவில்லை என்றால்தான் அப்படி இருக்க முடியும். பில்லில் இருந்த எழுத்தும் ரொக்கப் புத்தகத்தில் இருந்த எழுத்தும் ஒன்று. இரண்டும் ஊராட்சிக் கிளார்க்குடைய எழுத்து. இருப்புப் பதிவேட்டோடும் தெருவில் எரிகிற விளக்கோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் 12 வவுச்சருக்குப் பொருள் இல்லை. ஏறக்குறைய 1,80,000 ரூபாய். எல்லாக் காசோலையிலும் தலைவர் கையெழுத்து, துணைத் தலைவர் கையெழுத்து. இருவர் கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே நாளில் போட்டது போல வரிசையாக இருந்தன. மனைவியை ஆபரேஷனுக்குப் பாளையங்கோட்டையில் சேர்த்தபோது, ஊர் வேலை நின்றுவிடக் கூடாது என்று காசோலைப் புத்தகம் முழுவதிலும் கையெழுத்துப் போட்டுக் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். துணைத் தலைவரும் பின்னாலேயே போட்டிருக்கிறார்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "கிளார்க் கொண்டாந்து வச்சா சரியாத்தான் சார் இருக்கும். எங்க யூனிட்ல பேப்பர் மேல வருதுன்னா கீழ நாலு பேர் பார்த்துட்டுத்தான் வரும். அதுக்கு மேல நாம சந்தேகப்பட்டா அவங்களை அவமானப்படுத்துன மாதிரி."

உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். பட்டாளத்தில் கையெழுத்து என்பது ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி. உங்களுக்குக் கீழே செக் பண்ணியவர் இருக்கிறார், மேலே உத்தரவு போட்டவர் இருக்கிறார். "ஹுக்கும் வந்தது, செய்தேன்" என்று சொன்னால் அது பாதி பதில். பல நேரம் முழுப் பதிலே அதுதான். ஊராட்சியில் தலைவருக்கு மேலே உத்தரவு போடும் ஆள் யாரும் இல்லை. பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர், வாய்மொழியாக, "செஞ்சிருங்க தலைவரே, பின்னால பார்த்துக்கலாம்" என்பார். பின்னால் பார்க்கும்போது பி.டி.ஓ. மாறுதலாகிப் போயிருப்பார், காகிதத்தில் தலைவர் பேர் மட்டும் நிற்கும். கூட இருக்கிறவனை நம்பாவிட்டால் உயிரோடு திரும்ப முடியாது என்று இருபது வருடம் பழக்கப்பட்டவரிடம், பக்கத்தில் இருப்பவர் நீட்டும் தாளைச் சந்தேகத்தோடு பார் என்றால் அது அவர் ரத்தத்தில் ஏறாது. இதை அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவது ஊர்ப்பணத்துக்குச் செய்யும் துரோகம்தான். அந்த ஊரில் 12 வவுச்சருக்கு விளக்கு எரியவில்லை, அவ்வளவு இருட்டையும் ஊர்ப் பெண்கள்தான் நடந்து கடந்தார்கள். ஆனாலும் துரோகமும் திருட்டும் ஒன்றல்ல.

என் தணிக்கைக் காலத்தில் முன்னாள் படைவீரர்கள் தலைவராக இருந்த ஊராட்சிகள் ஏழு என் கையில் வந்தன. ஏழை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்று கண்ணில் பட்டது. ராணுவத்தில் கிளார்க்காகவோ, கம்பெனியின் சாமான் கிடங்கைப் பார்க்கும் சி.க்யூ.எம்.ஹவில்தாராகவோ இருந்த இரண்டு பேரும் ஐந்து வருடத்தை நிம்மதியாக முடித்தார்கள். லெட்ஜரில் ஒரு கம்பளி குறைந்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பயந்து பழகியவர்கள். வந்த பில்லை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார்கள். தடுமாறியவர்கள் டிரைவராகவோ காலாட்படையிலோ இருந்தவர்கள், காகிதத்தோடு வாழாதவர்கள். உங்கள் சித்தப்பா எந்த ட்ரேடில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

எடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். அதை மறைத்தால் இந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. இன்னொரு ஒன்றியத்தில், நால்வழிச்சாலை ஓரத்து ஊர். மனை விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அங்கே தலைவரும் முன்னாள் படைவீரர்தான். பதவிக்கு வந்து பதினோராவது மாதம், வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் பணம் வாங்கும்போது லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபட்டார். நோட்டில் பினாப்தலின் பொடி தடவி, அதை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்குவார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். சாட்சிக்கு அரசு ஊழியர்களைக் கூட்டிப் போவது வழக்கம். அன்று எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போயிருந்தார். அவர் வந்து சொன்னது, "டம்ளர்ல கைய விடச் சொன்னப்ப அட்டென்ஷன்ல நின்னாரு" என்று. அங்கே முறைகேடா கையாடலா என்ற கேள்விக்கே இடமில்லை. கேட்டார், வாங்கினார். தண்ணீர் நிறம் மாறினால் மட்டும் தண்டனை கிடைத்துவிடாது. கேட்டதும் நிரூபணமாக வேண்டும். நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சாட்சியங்களால் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

அவர் ஏன் வாங்கினார் என்பதற்கு ஊரில் ஒரு கணக்கு இருந்தது. அது எனக்கு உண்மையாகத்தான் படுகிறது. 2021 தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு டெபாசிட் 600 ரூபாய். செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். வென்றவருக்கு மாத மதிப்பூதியம் 1,000 ரூபாயாக இருந்து பிறகு 2,000 ஆயிற்று. காகிதத்தில் இவ்வளவுதான். ஊரில் நடப்பது வேறு. ரிட்டயர் ஆகி வந்தவர் கையில் கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் மொத்தமாக வந்திருக்கும். வீட்டில் பாதி சுவர் எழும்பி நிற்கும். அந்த நேரத்தில்தான், "அண்ணாச்சி, நீங்க நின்னா எதிர்ப்பே இருக்காது" என்று நாலு பேர் வாசலுக்கு வருவார்கள். எதிர்ப்பு இருக்கும். வீட்டுக்கு இவ்வளவு என்று எதிராளி கொடுத்தால் இவரும் கொடுக்க வேண்டும். ராணுவ கேண்டீனில் கிடைக்கும் மதுக் கோட்டாவும் தீரும். பேரம் பேசத் தெரியாதவர், கேட்டதைக் கொடுத்துவிடுவார். ஜெயித்த பிறகு அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுச் செலவு தலைவர் தலையில், கபடிப் போட்டிக்கு முதல் பரிசு தலைவர் தலையில், கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மொய் தனி. சுவர் பாதியிலேயே நிற்கும். மனைவியின் நகை அடகுக்குப் போகும். சிலர் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறார்கள். சிலர் உடையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு பேரில் ஒருவர், இரண்டாவது வருடமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஏ.டி.எம். காவலாளி வேலைக்குப் போனார். கடனைச் சம்பளத்தில் அடைத்தார்.

ஊர் ஏன் பட்டாளத்துக்காரரைத் தேடிப் போகிறது என்று யோசித்திருக்கிறேன். ஒழுக்கமானவர் என்பது ஒரு காரணம்தான். மகாராஷ்டிரத்தில் ராளேகண் சித்தி என்ற கிராமத்தை மாற்றிய அண்ணா ஹசாரே ராணுவ டிரைவராக இருந்து 1975-இல் வந்தவர்தானே என்பார்கள். உண்மை. ஆனால் அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. காசோலைப் புத்தகம் இல்லாத இடத்தில் நின்று ஊரை நடத்தியவர். நம் பக்கத்தில் பெரிய காரணம் வேறு. இருபது வருடம் ஊரில் இல்லாதவருக்கு வாய்க்கால் தகராறு இல்லை, கோயில் வரித் தகராறு இல்லை, எந்த அடிதடிக் கேஸிலும் பேர் இல்லை. இரண்டு தெருவும், சில இடங்களில் இரண்டு சாதியும், ஒத்துக்கொள்ளும் ஒரே ஆள் அவராக இருப்பார். அதே காரணத்தால் அவருக்கென்று யாரும் இருக்க மாட்டார்கள். நெருக்கடி வரும்போது எந்தத் தெருவும் அவரைத் தன் ஆள் என்று தூக்கிப் பிடிக்காது. குளத்து மீன் ஏலத்தையும் கருவேல மர ஏலத்தையும் வழக்கமாக எடுப்பவருக்கு விடாமல், முறைப்படி தண்டோரா போட்டு நடத்தியதற்காக ஒரு தலைவர் மீது புகார் மழை பொழிந்ததை நான் பார்த்திருக்கிறேன். புகார் மனு ஏலத்தைப் பற்றி இருக்காது. நூறு நாள் வேலையில் வராதவருக்கு வருகை போட்டார் என்று இருக்கும். அந்தப் புகாரில் உண்மையும் கொஞ்சம் இருந்தது. படுக்கையில் கிடந்த ஒரு கிழவிக்கு இரக்கப்பட்டு நான்கு நாள் போட்டிருந்தார்.

பதவி போகும் விதம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கிறது. துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுப்பார். துப்புரவுப் பணியாளர் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது நிற்கும், காலிக் குடத்தோடு பெண்கள் சாலைக்கு வருவார்கள். திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக மனு நாளில் ஒரு மனு, அடுத்த வாரம் இன்னொன்று. விசாரணைக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் போவார். கலெக்டர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர்; அவர் 203-ஆம் பிரிவில் உள்ள அவசர அதிகாரத்தைப் பயன்படுத்தித் தலைவரின் காசோலை அதிகாரத்தை நிறுத்தி பி.டி.ஓ.விடம் கொடுப்பார். ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடும். ஆனால் இது தற்காலிக ஏற்பாடு. குற்றம் நிரூபணமானதாக இதற்குப் பொருள் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

நீக்கம் 205-ஆம் பிரிவில் நடக்கும். கலெக்டர் தானாகவோ, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் குற்றச்சாட்டின் பேரிலோ நோட்டீஸ் கொடுப்பார். தலைவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் தாசில்தார் ஊராட்சி அலுவலகத்தில் உறுப்பினர் கூட்டம் கூட்டுவார். நோட்டீஸையும் விளக்கத்தையும் வாசிப்பார். யார் பக்கம் நியாயம் என்று அவர் பேசக் கூடாது, ஓட்டும் இல்லை. உறுப்பினர்கள் கருத்தைப் பார்த்துவிட்டு நீக்குவதா விடுவதா என்று கலெக்டர் முடிவு செய்வார். நீக்கினால் அரசிதழில் அறிவிக்கை வரும். அதை ரத்து செய்ய அரசுக்கு அதிகாரம் உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கும் போகலாம். விளக்கத்தைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை, ஆவண நகல் தரவில்லை என்பது போன்ற காரணங்களால் நீக்க உத்தரவுகள் ரத்தான வழக்குகள் பல. கவனியுங்கள், 205-ஆம் பிரிவு கேட்பது சட்டத்தை வேண்டுமென்றே மீறினாரா, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா என்பதைத்தான். பணத்தை எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. பணம் எடுத்ததற்கு போலீஸ் வழக்கு அல்லது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கு தனியாக இருக்க வேண்டும். உங்கள் சித்தப்பா மீது அப்படி ஒரு எஃப்.ஐ.ஆர். இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், ஊர் சொல்வது அவர் மீது எந்த நீதிமன்றமும் சொல்லாத ஒன்று.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கலெக்டர் அலுவலக ஊராட்சிகள் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 205 நோட்டீஸ், அவர் கொடுத்த விளக்கம், தாசில்தார் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, நீக்க அறிவிக்கை, அந்த இரண்டு வருடத் தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. வந்ததும் முதலில் தணிக்கை அறிக்கையைப் படியுங்கள். "தீர்மானம் பெறப்படவில்லை", "இருப்பில் கொண்டுவரப்படவில்லை", "நிதி மாற்றிச் செலவு" என்ற வாசகங்கள் இருந்தால் பெரும்பாலும் தணிக்கைத் தடை அல்லது முறைகேடு வகை. "பணி நடைபெறாமலேயே தொகை பெறப்பட்டுள்ளது", "பொருள் களத்தில் இல்லை" என்று இருந்தால் அது கையாடல். அப்போது அந்தப் பணம் யார் கணக்குக்குப் போனது என்று பாருங்கள். கடைக்காரர் கணக்கா, கிளார்க்கின் உறவினர் கணக்கா, உங்கள் குடும்பத்தில் ஒருவர் கணக்கா? கடைசியாகச் சொன்னது இருந்தால் உங்களுக்கு வலிக்கும். இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது என்றே நினைக்கிறேன்.

உங்கள் சித்தி பென்ஷன் போய்விடுமோ என்று அழுததாக எழுதியிருக்கிறீர்கள். ஊராட்சிப் பதவியிலிருந்து நீக்கியதற்காக ராணுவ பென்ஷன் நிற்காது. கடுமையான குற்றத்தில் நீதிமன்றம் தண்டித்தால் பென்ஷனை நிறுத்திவைக்க ஓய்வூதிய விதிகளில் இடம் இருக்கிறது. பதவி நீக்கம் அந்த வகையில் வராது. இழப்பைத் திரும்பக் கட்டச் சொல்லி சர்சார்ஜ் உத்தரவு வந்திருந்தால் அது வேறு விஷயம். நிலம், வீட்டுக்கு வினை வரக்கூடும். அதை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இவ்வளவையும் காகிதத்தில் தேடுவதற்கு முன்னால் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். "எடுத்தீங்களா?" என்று கேட்காதீர்கள். "கையெழுத்துப் போடும்போது செக்கில் தொகை எழுதியிருந்ததா? டோங்கிள் யாரிடம் இருந்தது, ஓடிபி வந்தால் யாருக்குச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். சித்தியும் பிள்ளைகளும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். உடனே பதில் வராது. அந்த ட்ரங்குப் பெட்டிக்காரரிடம் நான் இதே கேள்வியைக் கேட்டபோது அவர் எழுந்து அலுவலகத்துக்குப் பின்னால் போனார். குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான், "எழுதியிருக்கல சார்" என்றார்.